இரும்பூசிக் கறை

என் தம்பி இட்வலை அவனோடு வேலை செய்யும் கோமர் ப்யூ அடித்தபோது இருவர் உடம்பிலும் சோப்பு நுரையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து மேலே வந்த ஆண்கள் அத்தனை பேரும் சுரங்கத்துக் குளியல்மனையில் அம்மணமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "விடுடா" என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

அரசாங்கம் நிலக்கரிச் சுரங்கத்தை எடுத்துக்கொண்ட பிறகு கட்டிக்கொடுத்த குளியல்மனை அது. ஒரு பக்கம் கரித் துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, நடுவில் குளித்து, மறுபக்கம் சுத்தத் துணி மாட்டிக்கொண்டு மனுஷனாக வீட்டுக்குப் போகலாம். முதுகுக்கு மட்டும் சொந்தக் கை எட்டாது. பக்கத்தில் நிற்பவன் தேய்த்துவிடுவான், அப்புறம் தன் முதுகைக் காட்டுவான். எங்கள் ஊர் நாண்ட்கோச்சில் முதுகு தேய்க்க ஆள் கிடைக்காதவன் ஊரிலேயே இல்லாதவன்.

இட்வல் வேலைக்குத் திரும்பியதிலிருந்து கடைசி ஆளாகக் குளித்து, துண்டை இடுப்போடு கட்டிக்கொண்டே காலம் தள்ளியிருக்கிறான். அன்று கோமர் பின்னாலிருந்து வந்தான்.

"என்னடா, புதுப்பொண்ணு மாதிரி மூடிக்கிட்டு நிக்கிற? திரும்பு, தேச்சு விடறேன்."

துண்டை உருவினான். வலது புட்டத்தில் கையகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. தேநீர் சிந்திக் காய்ந்த துணி மாதிரி.

"இது என்னடா?"

"மச்சம்."

"சின்ன வயசுல உன்னை ஆத்துல முங்க வச்சதே நான்தான். அப்ப இந்த மச்சம் எங்க போயிருந்துச்சு? கோவென்ட்ரிக்கா?"

யாரும் சிரிக்கவில்லையாம். இட்வல் கோவென்ட்ரியில் கார் ஃபேக்டரிக்குப் போயிருந்ததாகத்தான் ஊருக்குச் சொல்லியிருந்தோம். அவன் இருந்தது மலைமேல், காசநோய் சானடோரியத்தில். ஊரில் அதை 'மேலே' என்பார்கள். பேரைச் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயம். மேலேயிருந்து இறங்கி வந்த இத்தல் போவெனுக்கும் இதே இடத்தில் இதே கறை இருந்தது. வந்தான், நாலு மாசம் எல்லாரோடும் குளித்தான், செத்தான். அவனைக் கொன்றது நுரையீரலில் அடைத்திருந்த கரித்தூள். ஆனால் நோய் உள்ளே நிரம்பித் தோல் வழியாகக் கசிகிறது என்று நாண்ட்கோச் தீர்ப்பு எழுதிவிட்டது.

"கறைதானே, தேச்சாப் போயிடும்," என்றான் கோமர்.

மூலையில் கிடந்த தரை தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்தான். இருவர் இட்வலின் கைகளைப் பிடித்து முகத்தை ஓடு பதித்த சுவரோடு அழுத்தினார்கள். கோமர் தேய்த்தான். கறை தோலுக்கு அடியில் இருப்பது. தோல்தான் போனது. அதற்கும் கீழே போகும்வரை தேய்த்தான். இட்வல் கத்தியபோது தலைமுடியைப் பிடித்துக் குழாயில் மோதினான். முன்பல் ஒன்று விழுந்து சாக்கடைத் துளைக்குள் உருண்டது. பிறகு சுத்தத் துணிப் பக்கம் விடாமல், கரிப் பக்கமே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். ரத்தத்தின் மேலேயே கரித் துணியை மாட்டிக்கொண்டு வீடு வந்தான்.

அன்று எனக்கு அரைநாள் லீவு. நான் டாக்டர். எங்கள் ராஸர் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள். கார்டிஃபில் படித்து, பெரியாஸ்பத்திரியில் கொஞ்ச காலம் பயிற்சி முடித்து, அந்த 'மேலே'யிலேயே வேலைக்குச் சேர்ந்தவள். வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா தகரத் தொட்டியில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், அப்பா இருந்த காலத்து மாதிரி. தொட்டித் தண்ணீர் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு.

"குப்புறப் படுடா," என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. சோப்பு வழுக்கிடுச்சு."

"சோப்பு வழுக்கி எவனுக்குடா புட்டம் உரியும்?"

புண்ணில் பிரஷ் நார்கள் குத்திக்கொண்டிருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். தலையணையைக் கடித்துக்கொண்டு சொன்னான். மானேஜர் காதுக்கு அதற்குள் போய்விட்டதாம். சுரங்கத்துக்குள் ஆளிறக்கும் கூண்டில் இட்வல் ஏறினால் நாங்கள் இறங்க மாட்டோம், மொத்தச் சுரங்கமும் வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிடும் என்று ஆட்கள் சொல்லிவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யூனியன் கமிட்டி கூடுகிறது. கமிட்டி வேண்டாம் என்றால் இட்வலுக்கு வேலை இல்லை. சுரங்கம் வேண்டாம் என்று தள்ளியவனுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் வேறு எவனும் வேலை தர மாட்டான்.

"போலீசுக்குப் போறேன்," என்றேன்.

"போனா நான் இந்த ஊர்ல நடமாட முடியாது. எனக்கு என் விளக்கு வேணும், கூண்டுல ஒரு இடம் வேணும், கீழ கரிவண்டி இழுக்கிற என் குதிரை வேணும். வேற ஒண்ணும் வேணாம். உன்னால முடியும்னா அதை வாங்கிக் குடு."

அந்தக் கறை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். 'மேலே' இருந்தபோது இட்வல் ஒரு காலையில் கிண்ணம் நிறைய ரத்தம் இருமித் துப்பினான். புது மருந்துகள் கிருமியைக் கொன்றன. சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்தும் ஒன்றும் இல்லை. ஆனால் ஆள் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாலே மயங்கினான். இரும்பு மாத்திரை கொடுத்தால் வயிற்றைப் புரட்டியது. பெரிய டாக்டர் ஆஷ்வொர்த் பழைய காலத்து ஆள். "காசக்காரனுக்கு இரும்பு குடுத்தா கிருமிக்குத் தீனி போட்ட மாதிரி," என்பார். செத்த கிருமிக்கு என்ன தீனி என்று நான் கேட்டதற்கு, சுரங்கத்து வீட்டுப் பெண்களுக்கு நாக்கு நீளம் என்றார். கடைசியில் சம்மதித்தார். சதையில் போடும் இரும்பூசி அப்போதுதான் வந்திருந்தது. கருகின பாகு மாதிரி மருந்து, நீள ஊசி. போட்டால் கால் முழுக்கக் கடுக்கும். தோலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக் குத்தினால் மருந்து வந்த வழியே திரும்பி ஒழுகாது. அதை அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நேராகக் குத்தினார்கள், ஒழுகிய இரும்பு தோலில் தங்கிவிட்டது. இட்வலுக்கும், அவனுக்கு முன்னால் இறங்கிப் போன இத்தலுக்கும் குத்தியது வார்டு சிஸ்டர். நான் குத்தியிருந்தாலும் அப்படித்தான் குத்தியிருப்பேன். ஆனால் உதடு சிவந்தது, இட்வல் எழுந்து நடந்தான்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கோமரைத் தனியாகப் பார்த்துப் பேசலாம் என்று அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவன் மனைவி எலினெட். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரி. என்னைப் பார்த்ததும் அவள் கை தானாகப் பாவாடையின் பின்பக்கம் போனது.

எனக்குப் புரிந்தது. போன வருஷம் பெரியாஸ்பத்திரிப் பிரசவ வார்டில் நான் வேலை பார்த்தபோது எலினெட்டைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை செத்துப் பிறந்தது. ரத்தம் நிற்காமல் போனது, எப்படியோ பிழைத்தாள். அவளுக்கும் அதே மருந்து, அதே ஊசி. அவளுக்கும் அதே இடத்தில் அதே கறை.

கோமருக்கு அது தெரியாது. இங்கே ஒருத்தன் கூடவேலைக்காரன் முதுகில் எத்தனை மச்சம் என்று சொல்வான். பெண்டாட்டி உடம்பைப் பார்த்திருக்க மாட்டான். அவள் விளக்கணைத்த பிறகு, நீள கவுன் போட்டுக்கொண்டுதான் கட்டிலுக்கு வருவாள்.

"யாரு?" கோமர் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்தான். "ஓ, டாக்டரம்மா. தம்பிக்கு மருந்து தடவியாச்சா? இல்ல இன்னொரு தடவை தேய்க்கணுமா?"

"அது இரும்பு, கோமர். ஊசி மருந்து ஒழுகின கறை. அவன்கிட்ட நோய் இல்ல. என் கையெழுத்துல எழுதித் தரேன்."

"உன் கையெழுத்தைப் பாத்தா எனக்கு இருமல் வராதா?"

"நீ படிக்காதவன், அதனால..."

"நீ படிச்சவ. படிச்சுட்டு, கோவென்ட்ரின்னு பொய் சொல்லிக் காசக்காரனை எங்க நடுவுல குளிக்க விட்டவ." பக்கத்தில் வந்துவிட்டான். "எனக்கு ஒரு தம்பி இருந்தான், ஞாபகமிருக்கா? ஒரே கட்டில், ஒரே போர்வை. காலைல எழுந்தா என் சட்டையெல்லாம் அவன் ரத்தம். கடைசியில என் கைமேலதான் செத்தான். எனக்கு நீ இரும்பைப் பத்திச் சொல்றியா?"

வாய் வரைக்கும் வந்தது. உன் கட்டிலில் படுக்கிறாளே, அவளைத் திருப்பிப் போட்டுப் பார்டா என்று. ஒரே வாக்கியம். என் தம்பிக்கு வேலை கிடைத்திருக்கும். கோமரின் தோளுக்குப் பின்னால் எலினெட் நின்றாள். அவள் கண்ணுக்குக் கீழே மஞ்சள் பூத்த பழைய அடித்தடம். நான் டாக்டராகத் தெரிந்துகொண்டதை இவனிடம் சொன்னால் இவன் பிரஷ்ஷைத் தேடிப் போவான் என்று தெரிந்தது. விழுங்கினேன்.

"நீ ஒரு கோழை," என்றேன் அதற்குப் பதிலாக. "அம்மணமா நிக்கிறவனைப் பின்னாலேருந்து பிடிச்சு அடிக்கிற கோழை."

கோட்டுக் காலரைப் பிடித்து என்னைத் தூக்கினான். நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன், வாயில் கரியும் உப்பும் வரும்வரை. வாசல்படியிலிருந்து தெருவில் எறிந்தான். முழங்கால் கிழிந்தது. எதிர் வீட்டு ஜன்னல்களில் திரைகள் ஆடின, ஒரு கதவும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, கமிட்டி கூடும் தொழிலாளர் மன்றத்து மாடிக்குப் போனேன். பெண்களுக்கு அந்த மாடியில் டீ கொண்டுபோய் வைக்க மட்டும்தான் அனுமதி. வாசலில் நின்றவன் காலை மிதித்துக்கொண்டு உள்ளே போனேன். நீள மேசை, ஒன்பது பேர், ஒரே சுருட்டுப் புகை. சுவரோரம் இன்னும் நாற்பது பேர். இட்வல் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தான். அவனைச் சுற்றிக் காலி நாற்காலிகள்.

தலைவர் டியூடர் மத்தாயஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சுரங்கத்தில் முப்பது வருஷம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பெரிய மனுஷர்.

"அம்மாடி, இது ஆம்பிளைங்க கூட்டம்."

"அதான் தெரியுதே, குணமான ஒருத்தனைப் பாத்து அம்பது பேர் நடுங்குறீங்க."

"வாயைப் பாருங்கடா," என்றான் ஒருவன். "இவளைக் கட்டுறவன் தினமும் இவ நாக்குல தையல் போடணும்."

"உன்னை மாதிரி ஆளைக் கட்டினா மயக்க மருந்தே தேவையில்ல. பேசினாலே தூக்கம் வரும்."

சிரிப்பு எழுந்தது. சிரிக்கும்போதே பேசிவிட வேண்டும் என்று பேசினேன். சளிச் சோதனை, ரத்தம், இரும்பு, ஊசி. கேட்டார்கள். கோமர் மட்டும் கட்டுப் போட்ட மணிக்கட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு, "வாயால சொன்னா ஆச்சா? இத்தல் போவெனும் குணமாயிட்டான்னுதானே மேலேருந்து எழுதிக் குடுத்தாங்க?" என்றான். முகங்கள் மறுபடி மூடிக்கொண்டன.

பையைத் திறந்தேன். மருந்துக் குப்பியை உடைத்தேன். கறுப்பு மருந்தை ஊசியில் ஏற்றினேன். மேசை விளிம்பில் உட்கார்ந்து பாவாடையை ஏற்றிக் காலுறையை உருட்டினேன். ஒருத்தர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தொப்பியின் ஓரத்தில் ஒரு கண் தெரிந்தது.

"பாத்துக்குங்க. எனக்கு டி.பி. கிடையாது. ஊரே சாட்சி."

தொடையில் நேராகக் குத்தினேன். ஊசி முழுவதும் உள்ளே போயிற்று. மருந்து இறங்கும்போது சதைக்குள் யாரோ திருகாணி முடுக்குகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்தேன். ஊசியை உருவியதும் பழுப்பு நீர் ரத்தத்தோடு துளை வழியே திரும்பி வந்து தோலில் பரவியது.

"இதுதான் அந்தக் கறை. துடைச்சாலும் போகாது. நாளைக்கு வந்து பாருங்க, அடுத்த வருஷம் வந்து பாருங்க. எனக்கு எங்கேருந்து வந்துச்சு நோய்?"

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் படிப்பு என்னை எப்போதும் அப்படித்தான் ஏமாற்றும்.

"மேலேருந்துதான்," என்றான் பின்னாலிருந்து ஒருவன், மெதுவாக. "இவளும் தினமும் அங்கதானே கிடக்கிறா. குத்தினதும் வெளிய வந்துடுச்சு பாத்தியா. உள்ள இருந்திருக்கு."

நாற்காலிகள் என்னிடமிருந்தும் பின்னுக்கு நகர்ந்தன. டியூடர் மத்தாயஸ் கூடத் தன் பேப்பர்களை இழுத்துக்கொண்டார். இட்வல் என்னைப் பார்த்து, "போதும்க்கா. பாவாடையை இறக்கு," என்றான். அழவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது.

"கை தூக்குங்கப்பா," என்றார் டியூடர். "இட்வல் ராஸர் வேலைக்கு வேணாம்னு சொல்றவங்க..."

கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு எலினெட் வந்தாள். மன்றத்தில் டீ போடுவது அவள்தான். பெரிய எனாமல் கெட்டில் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். படிக்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கெட்டிலைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"எனக்கும் இருக்கு."

கோமருக்குப் புரியவில்லை. "என்னது?"

"அந்தக் கறை. பின்னால. செத்த பிள்ளையைப் பெத்தேனே, அப்பப் போட்ட ஊசியால. ஒரு வருஷமா உன் பக்கத்துலதான் படுத்திருக்கேன். நீ தினமும் வந்து இவங்க முதுகெல்லாம் தேய்க்கிற." கமிட்டியைப் பார்த்துத் திரும்பினாள். "இட்வலைத் தள்ளினா என் புருஷனையும் தள்ளுங்க. அவன் முதுகைத் தேச்சவங்களையும் தள்ளுங்க."

கோமர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "பொய் சொல்றாடா!" என்று கத்தினான். குரல் உடைந்திருந்தது. அந்தக் குரலில் அவன் தம்பி செத்த அறை இருந்தது. ஆனால் கை அதற்காகக் காத்திருக்கவில்லை. முஷ்டியால் அவள் வாயில் குத்தினான். கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் கெட்டில்மேல் தெறித்தது. இரண்டாவது தடவை கை ஓங்கினான்.

எலினெட் கெட்டிலை இரண்டு கையாலும் சுழற்றி அவன் முகத்தில் அடித்தாள். மூடி பறந்தது. கொதிக்கிற டீ கன்னத்திலும் கழுத்திலும் சட்டைக்குள்ளும் இறங்கியது. கோமர் போட்ட சத்தம் கீழ்த்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். விழுந்து, மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு புரண்டான். அவள் இன்னொரு தடவை அடித்தாள், இந்தத் தடவை காலி கெட்டிலால், முழங்கையில். எலும்பு உடையும் சத்தம் எனக்குத் தெரியும், உடையவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அவனைத் தூக்கிவிட ஒருத்தனும் குனியவில்லை. அவனோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தவர்கள் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இட்வலைப் பார்த்த அதே கண்ணால் கோமரைப் பார்த்தார்கள்.

"எனக்கு மட்டும்னு நினைக்காதீங்க," என்றாள் எலினெட், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "அந்த வார்டுல என் ரெண்டு பக்கமும் நாண்ட்கோச் பொம்பளைங்கதான் படுத்திருந்தாங்க. எல்லாரும் குப்புறப் படுத்து ஊசி போட்டுக்கிட்டோம். யார் யாருன்னு பேர் சொல்லவா?"

ஒவ்வொருவனும் தன் வீட்டு இருட்டைத் தடவிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ஒருவன் என் பக்கம் வந்தான். சற்றுமுன் நாக்கில் தையல் போடச் சொன்னவன்.

"டாக்டரம்மா, போன தடவை பிரசவத்துல எங்க வீட்டுல அவளுக்கும்..."

"அதை வீட்டுல கேட்டுக்கோ. விளக்கைப் போட்டுட்டுக் கேளு."

டியூடர் மத்தாயஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மருமகள் பிரசவித்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. "இந்த விஷயத்தை இதோட விடறதுதான் எல்லாருக்கும் நல்லது," என்றார். "இட்வல் திங்கக்கிழமை வேலைக்கு வரட்டும். எதிர்க்கிறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. ஒருத்தனாவது நம்பினானா என்றால் இல்லை. நான் சொன்ன இரும்பு யார் மண்டையிலும் ஏறவில்லை. இட்வலைத் துரத்தினால் வரிசையாகத் தாங்களும் போக வேண்டும் என்று பயந்தார்கள், அவ்வளவுதான். நான் கார்டிஃபில் ஆறு வருஷம் படித்தது இந்த ஊரில் ஒரு கெட்டில் டீக்குச் சமமாகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது.

தரையில் கிடந்த கோமரின் கொப்புளங்களுக்கு நான்தான் மருந்து போட்டேன். மென்மையாகப் போடவில்லை. எலினெட்டின் உதட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்துத் தையல் போட்டேன். "அங்க திரும்பப் போக மாட்டேன்," என்றாள். அம்மா ஒன்றும் கேட்காமல் என் படுக்கையில் இன்னொரு தலையணை போட்டாள்.

திங்கட்கிழமை இட்வல் இறங்கினான். சாயங்காலம் வந்து, நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு சொன்னான். முகமெல்லாம் கட்டோடு கோமரும் வந்திருந்தானாம். வராவிட்டால் நோய் என்று முடிவு கட்டிவிடுவார்களே. கூண்டில் எப்போதும் இருபது பேரை அடைப்பார்கள், மூச்சுவிட இடம் இருக்காது. அன்று பதினெட்டுப் பேர் ஒரு மூலையில் ஒருத்தன்மேல் ஒருத்தன் ஏறாத குறையாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மிச்ச இடமெல்லாம் காலி.

"நீயும் அவனும்?" என்றேன்.

"வேற எங்க நிக்கிறது? ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான். கூண்டு ஆடுச்சு, அவன் என் தோளைப் பிடிச்சான். இறங்குற வரைக்கும் விடல."